மனேஜர் போகிறார், முதலாளி இருக்கிறார்: காற்பந்து கேள்வி பதில்

இங்கிலாந்துக் காற்பந்து பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மனேஜர்களை, அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்றுநர்களை, ஏன் இப்படி விரட்டுகிறார்கள், கழகத்தின் முதலாளிகளை ஏன் யாரும் கேட்பதில்லை? சரி, இந்த முறை அதை மட்டும் பேசுவோம். பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணா, நான் டொட்டென்ஹம் ரசிகன். கிண்ணத்தை வென்று கொடுத்த மனேஜர் அஞ்ச் பொஸ்டெகொக்லூவை 16 நாளில் நீக்கினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இது நியாயமா?

பதில்: தம்பி, உன் மனசு ஆறாததில் ஒரு தப்பும் இல்லை. 2025 மே 21, பில்பாவோ நகரம், ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைக் கிண்ணமான ஐரோப்பா லீக்கின் இறுதிப் போட்டி. மென்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்றார்கள். 17 வருடத்தில் கழகத்துக்குக் கிடைத்த முதல் கிண்ணம். ஐரோப்பியக் கிண்ணம் என்று பார்த்தால் 1984க்குப் பிறகு அதுதான் முதல். ஜூன் 6 அவரை அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி தரப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த சீசனில் லீக்கில் 38 போட்டிகளில் 22 தோல்வி, 20 கழகங்களில் 17ஆம் இடம். இன்னும் ஒரு படி சறுக்கினால் கீழ்ப் பிரிவு. எந்தக் கழகமும் இதைப் பார்த்துப் பயப்படும். ஆனால் அந்தக் கழகத்தின் பழைய வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார். 2021 ஏப்ரலில் அப்போதைய மனேஜர் ஜோசே மொரின்யோவை நீக்கினார்கள். லீக் கிண்ண இறுதிப் போட்டிக்கு அப்போது 6 நாள்தான் இருந்தது. ஒருவரை இறுதிப் போட்டிக்கு 6 நாள் முன்னால் அனுப்பினார்கள், இன்னொருவரைக் கிண்ணம் வென்று 16 நாளில் அனுப்பினார்கள். இரண்டு முறையும் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரே ஆள், டேனியல் லெவி. 2001இல் வந்து உட்கார்ந்தவர். கிண்ணம்தான் முக்கியமா, லீக்கில் பிடிக்கும் இடம்தான் முக்கியமா என்று அந்தக் கழகம் ஒருநாளும் தெளிவாகச் சொன்னதில்லை. அளவுகோலைச் சொல்லாமல் ஆளை அளந்தால் அது அநியாயம். 2025 செப்டெம்பரில் லெவியும் பதவியை விட்டுப் போனார்.

பொஸ்டெகொக்லூவுக்கு அதே மாதம் நொட்டிங்ஹம் ஃபொரெஸ்ட் கிடைத்தது. அங்கே 39 நாள், 8 போட்டி, ஒரு வெற்றியும் இல்லை. செல்சியிடம் 3-0 தோற்ற சில நிமிடங்களிலேயே அறிவித்துவிட்டார்கள். பிரீமியர் லீக்கில் நிரந்தர மனேஜர் ஒருவருக்குக் கிடைத்த மிகக் குறைந்த காலம் அதுதான். முந்தைய சீசனில் அதே ஃபொரெஸ்டை 7ஆம் இடத்துக்குக் கொண்டுபோன நூனோவை நீக்கிவிட்டுத்தான் இவரைக் கூப்பிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி (கொட்டகலை): மனேஜரை மாற்றினால் உண்மையில் அணி முன்னேறுமா சேர்? புது ஆள் வந்ததும் நாலு மெட்ச் வெல்கிறார்களே.

பதில்: வெல்கிறார்கள்தான். ஆனால் மனேஜரை எப்போது மாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். அணி அடிமட்டத்தில் இருக்கும்போது. காயப்பட்டவர்கள் திரும்புவார்கள், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே போகும், மேலே வருவதற்குத்தான் அதிக வாய்ப்பு. நெதர்லாந்தின் முதற்பிரிவு லீக்கை வைத்து பாஸ் தெர் வீல் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்தார். மனேஜரை மாற்றிய கழகங்களை, அதே மாதிரி சரிவில் இருந்தும் மாற்றாத கழகங்களோடு ஒப்பிட்டார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மீண்டு வந்தன.

ஆனாலும் லெஸ்டர் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். 2016இல் யாரும் நினைக்காத சம்பியன் பட்டத்தை வென்றார் கிளவுடியோ ரனியேரி. 2017 பெப்ரவரியில், ஒன்பது மாதத்தில், அவரை நீக்கினார்கள். உலகமே திட்டியது, நானும் திட்டினேன். அப்புறம் உதவிப் பயிற்றுநர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று லீக்கில் வரிசையாக ஐந்து வெற்றி. 12ஆம் இடத்தில் முடித்தார்கள். நீக்கிய முதலாளி தாய்லாந்துக்காரர் விச்சாய். அடுத்த வருடம் ஒக்டோபரில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தபோது, அதே ரசிகர்கள் பூக்களோடு வந்து அழுதார்கள். அவர் கடனைக் கழகத்தின் தலையில் கட்டவில்லை, ஊர்ச் சிறுவர் மருத்துவமனைக்கு 20 இலட்சம் பவுண் கொடுத்தார், போட்டிகளுக்கு நேரில் வந்தார். ரசிகர்கள் ஒரு முடிவை மன்னிப்பார்கள். தங்களை மதிக்காத ஆளை மன்னிப்பது கஷ்டம்.

கேள்வி (பொகவந்தலாவ): அண்ணே, யுனைடெட்டில் எத்தனை மனேஜர் வந்தும் ஏன் ஒன்றும் மாறவில்லை? கிளேசர் குடும்பத்தை ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள்?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் கடனே இல்லாத ஒரு பாடசாலை வேன் ஓடுகிறது என்று வையுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதை வாங்குகிறார். வாங்கும் காசில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனை வேனின் பேரிலேயே எழுதிவிடுகிறார். இனிமேல் பிள்ளைகளை ஏற்றி இறக்கி வேன் உழைக்கிற காசில்தான் லீசிங் தவணை கட்ட வேண்டும். டயர் தேய்ந்தால் மாற்றக் காசில்லை, கூரை ஒழுகினால் தார் பூசி விடுகிறார். வேன் நேரத்துக்கு வரவில்லை என்று பெற்றோர் சத்தம் போட்டால் சாரதியை மாற்றுகிறார்.

2005இல் நடந்தது இதுதான். கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுணுக்குக் கழகத்தை வாங்கியது. அதில் 50 கோடிக்கும் மேல் கடன். அதுவரை கழகத்துக்குக் கடனே இல்லை. அன்று தொடங்கிய வட்டி இன்றும் போகிறது. அலெக்ஸ் ஃபெர்கசன் மனேஜராக இருந்தவரை அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. 2013இல் அவர் ஓய்வு பெற்றதும் எல்லாம் வெளியே வந்தது. அடுத்து வந்த மனேஜர் மொயெஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்துப் பத்து மாதத்தில் அனுப்பினார்கள். அவருக்குப் பிறகு வந்த வான் ஹால், இங்கிலாந்தின் பழம்பெரும் கிண்ணமான எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற இரண்டாம் நாள் போனார். டென் ஹாக் 2024 மே மாதம் அதே கிண்ணத்தை வென்றார். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், புது வீரர்களை வாங்கிக் கொடுத்தார்கள், ஒக்டோபர் 28 நீக்கினார்கள். அடுத்து வந்த அமோரிமின் முதல் சீசன் 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடிந்தது.

2024 பெப்ரவரியில் பிரித்தானியக் கோடீஸ்வரர் ஜிம் ரட்கிளிஃப் கால்வாசிக்கும் மேல் பங்கை வாங்கி, காற்பந்து விவகாரங்களைக் கையில் எடுத்தார். மனேஜர் விஷயத்தில் தடுமாறிய அதே வருடம் சுமார் 250 ஊழியர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டிக்கட் விலை ஏறியது. தப்பான முடிவை எடுத்தவர்கள் அந்த மேசையிலேயே இருந்தார்கள், சாதாரண ஊழியர்களுக்கு வேலை போனது. என்னால் பொறுக்க முடியாத இடம் இதுதான்.

நமக்கு இது விளங்காத கதையா? 1992இல் நம் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. அதற்குப் பிறகு தோட்டத்தை நடத்த எத்தனை துரைமார் வந்து போனார்கள்! புதுத் துரை வருகிற அன்று காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். ஆனால் நாளுக்கு எத்தனை கிலோ, எந்த மலையில் மறுநடுகை, லயத்துக் கூரைக்குக் காசு உண்டா இல்லையா என்பதெல்லாம் கொழும்பில் முடிவாகிறது. யுனைடெட்டில் 2010இலிருந்து எங்கள் ரசிகர்கள் பச்சையும் மஞ்சளுமாகச் சால்வை போட்டுக்கொண்டு நிற்பதும் இதைச் சொல்லத்தான். அது கழகம் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில் தொழிலாளர்களின் அணியாக இருந்த காலத்து நிறம்.

கேள்வி (ஹப்புத்தளை): நீக்கினால் நட்டஈடு எவ்வளவு?

பதில்: ஒப்பந்தத்தைப் பொறுத்தது. டென் ஹாக்கையும் அவருடைய பயிற்றுநர்களையும் அனுப்ப யுனைடெட்டுக்கு ஒரு கோடியே 4 இலட்சம் பவுண் செலவானது. புது ஆள் வேறு கழகத்தில் இருந்தால் அந்தக் கழகத்துக்கும் கட்ட வேண்டும். செல்சி 2022 செப்டெம்பரில் மனேஜர் டூகலை நீக்கி, பிரைட்டன் கழகத்துக்குப் பெரிய தொகை கொடுத்து அதன் மனேஜர் கிரஹம் பொட்டரைக் கொண்டுவந்தது. ஏழு மாதத்துக்குள் அவரையும் நீக்கியது. அந்த சீசன் முடிந்தது 12ஆம் இடத்தில்.

கேள்வி (நாவலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): பொறுமையாக இருந்தால் எல்லா மனேஜரும் ஃபெர்கசன் ஆகிவிடுவார்களா?

பதில்: ஆகமாட்டார்கள் ஐயா. 1986 நவம்பரில் வந்த ஃபெர்கசனின் அணி 1989-90 சீசனை 13ஆம் இடத்தில் முடித்தது. அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பதாகை பிடித்தார்கள். 1990இல் எஃப்.ஏ. கிண்ணம், 1993இல் லீக் பட்டம். அவரை வைத்திருந்ததற்குக் காரணம் வெறும் பொறுமை இல்லை. இளையோர் அணியை அவர் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளிப் பட்டியலுக்கு அப்பால் ஏதாவது வளர்கிறதா என்று பார்த்துப் பொறுக்க வேண்டும். ஒன்றும் வளரவில்லை என்றால் நீக்குவதும் சரிதான்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு அக்கா): என் மகனுக்கு 14 வயது. அவன் விரும்பிய மனேஜரை நீக்கிய அன்று இரவு சாப்பிடவே இல்லை. திட்டலாமா?

பதில்: திட்டாதீர்கள் அக்கா. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்த மனேஜர் வீட்டு ஆள் மாதிரி. என்ன நடந்தது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மறுநாள் சாப்பிடுவான். அதிகாலை மெட்ச்சுக்கு மட்டும் பாடசாலை நாட்களில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): ரசிகர்களே முதலாளியாக இருக்க வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. ஜெர்மனியில் "50+1" விதிப்படி வாக்குரிமையில் பாதிக்கு மேல் கழக உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். ஒருசில விதிவிலக்குகள் உண்டு. ரியல் மட்ரிட், பார்சிலோனா இரண்டும் உறுப்பினர்களுக்குச் சொந்தம், தலைவரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். அங்கேயும் மனேஜர்களை நீக்குகிறார்கள், ஆனால் நீக்கியவரைத் தேர்தலில் கேள்வி கேட்கலாம். இங்கிலாந்தில் ஆறு பெரிய கழகங்கள் 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்று தனியாகப் போகப் பார்த்தபோது, ரசிகர்கள் வீதிக்கு இறங்கி இரண்டே நாளில் பின்வாங்க வைத்தார்கள். 2025இல் காற்பந்துக்கு ஒரு சுயாதீன ஒழுங்குபடுத்துநரை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது.

கேள்வி (வட்டவளை): நாம் இவ்வளவு தூரத்திலிருந்து கோபப்பட்டு அவர்களுக்கு என்ன ஆகப் போகிறது?

பதில்: பிரீமியர் லீக்கின் வெளிநாட்டுத் தொலைக்காட்சி வருமானம் உள்நாட்டு வருமானத்தைத் தாண்டிவிட்டது. நாம் பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேர்கிறது. அதனால் பேசுவதற்கு நமக்கும் உரிமை உண்டு. ஆனால் மைதானத்தில் நிற்கிற ஊர் ரசிகர் போராட்டம் செய்யும்போது, "தொல்லை பண்ணாமல் மெட்ச்சைப் பாருங்கள்" என்று இங்கிருந்து எழுதாதீர்கள். டிக்கட் விலை அவர் பையிலிருந்துதான் போகிறது.

கேள்வி (பதுளை): கழகத்தை மாற்றலாமா?

பதில்: நான் மாறமாட்டேன்.

கேள்வி (நோர்வூட்): எங்கள் தோட்ட அணியின் பயிற்றுநர் அண்ணனை இரண்டு மெட்ச் தோற்றதும் கமிட்டி நிறுத்திவிட்டது. ஆறு வருடம் சம்பளம் இல்லாமல் பழக்கியவர். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் நோவது இதுதான். மேலே சொன்னவர்களுக்கெல்லாம் கோடிக்கணக்கில் நட்டஈடு. உங்கள் அண்ணனுக்கு ஒரு நன்றி வார்த்தையாவது சொன்னார்களா?

கமிட்டியோடு சண்டைக்குப் போகாதீர்கள். வீரர்கள் எல்லோரும் கையொப்பம் வைத்து ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், கூட்டக் குறிப்பு இருக்கிறதா, அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களா. உங்கள் கழகத்துக்கு யாப்பு இருந்தால் அதை வாங்கிப் பாருங்கள். பொதுக் கூட்டம் கூட்ட எத்தனை உறுப்பினர் கேட்க வேண்டும் என்று வழக்கமாக அதில் இருக்கும். அங்கே நீங்கள் வெறும் ரசிகர்கள் இல்லை, சந்தா கட்டுகிற உறுப்பினர்கள். அந்தக் கழகத்தின் முதலாளி நீங்கள்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அந்த அண்ணன் வீட்டுக்குப் போங்கள். கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.