முகமூடிக்குள் ஒரு ஜோக் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் வெளியான அந்தச் சூப்பர்ஹீரோ நகைச்சுவைப் படத்தை முதல் நாளே பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகப் பெயரை எழுதவில்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். “எங்கள் நாயகனைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள்” என்று ஒரு தரப்பு ஒற்றை நட்சத்திரம் போடுகிறது. “சிரிக்கத் தெரியாத ஜென்மங்கள்” என்கிறது மறுதரப்பு. எனக்கு ஒரே ஒரு இடம்தான் உறுத்தல். குரு சாகும் காட்சியில் நாயகனின் முகமூடிக்குள்ளிருந்து ஒரு ஜோக் வருகிறது. தியேட்டரே சிரித்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது. ரசனை இல்லாதவன் நான்தானா? விமர்சகர் மதிப்பெண் 90 சதவீதத்துக்கு மேல், ரசிகர் மதிப்பெண் அதில் பாதி. எதை நம்புவது? இன்னொரு முறை பார்ப்பதென்றால் த்ரீடியில் பார்க்கலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

அரங்கமே சிரிக்கும்போது தனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை என்று கவனித்து, அதை உட்கார்ந்து எழுதிக் கேட்கிற ஆளுக்கு ரசனைச் சான்றிதழ் எதற்கு? அந்தக் கேள்வியை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது “முகமூடிக்குள்ளிருந்து ஒரு ஜோக் வருகிறது” என்ற வரி. கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

அதற்கு முன் மதிப்பெண்ணை முடித்துவிடுகிறேன். விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று பொருள் இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் ‘பார்க்கலாம்’ என்ற பக்கம் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேரும் பத்துக்கு ஆறு போட்டிருந்தாலும் அதே தொண்ணூறுதான் வரும். ரசிகர் மதிப்பெண்ணும் அப்படியே: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. மூன்று நட்சத்திரம் போட்டவனும் அரை நட்சத்திரம் போட்டவனும் அங்கே ஒன்றுதான். படம் வெளிவருவதற்கு முன்பே கும்பலாக வந்து திட்டித் தீர்க்கிறார்கள் என்பதால்தான் 2019-ல் அந்தத் தளம் முன்கூட்டிக் கருத்துச் சொல்லும் வசதியை மூடியது. டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்த ரசிகர்களுக்குத் தனி மதிப்பெண்ணும் வைத்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எதை நம்புவது’ என்று கேட்பது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ள வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டீர்கள், உங்களுக்கு எண் எதற்கு?

‘கோமாளி ஆக்கிவிட்டார்கள்’ என்ற புலம்பலையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1988-ல் பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டன் என்று அறிவித்தபோது, ‘நகைச்சுவை நடிகரைப் போய்ப் போடுகிறார்களே’ என்று படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்துக்கு 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் படம் வந்தது. கடிதம் போட்டவர்களின் பேச்சு அதோடு அடங்கியது. ரசிகர்களின் சத்தம் எப்போதும் வெற்றுச் சத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. முகமூடி போட்டுக்கொண்டு ஓயாமல் ஜோக் அடிக்கும் நாயகன் டெட்பூல். 2014-ல் கசிந்த அவன் படத்தின் சோதனைக் காட்சியைப் பார்த்து அவர்கள் போட்ட ஆரவாரம் இல்லாவிட்டால், இழுத்தடித்துக் கிடந்த அந்தப் படம் 2016-ல் வந்திருக்குமா என்பதே சந்தேகம். ரசிகனுக்கு வலிக்கிற இடம் சரியாகத் தெரியும். வலிக்குக் காரணம் சொல்ல வரும்போதுதான் சொதப்புவான்.

இப்போது முகமூடிக்கு வருவோம்.

படப்பிடிப்பின்போது ஒரு காட்சியில் ஒரு வசனம் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. முதல் எடிட்டிங் முடிந்ததும் படத்தைச் சோதனைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். அரங்கில் மைக் வைத்துச் சிரிப்பைப் பதிவு செய்து, அந்த ஒலித்தடத்தைப் படத்தோடு பொருத்தி, எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவில்லை என்று பார்க்கும் வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் அரங்கம் அமைதியாக இருந்தால் தயாரிப்புத் தரப்புக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அது துக்கத்தின் அமைதியா, சலிப்பின் அமைதியா என்று மைக் சொல்லாது. உடனே ‘இங்கே ஒரு ஜோக் போடுங்கள்’ என்பார்கள். மறுபடி படமெடுக்கச் செலவு ஏராளம். வாயையும் மூடும் முகமூடி போட்ட நாயகன் என்றால் அந்தக் கவலையே இல்லை. உதடு தெரியாது, அதனால் வாயசைப்புப் பொருத்தம் தேவையில்லை. எழுத்தாளர்கள் ஏழெட்டு மாற்று வசனங்களைக் கொடுப்பார்கள். நடிகர் டப்பிங் அறைக்கு வந்து எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போவார். அதில் ஒன்றை எடிட்டர் ஒட்டிவிடுவார். முகமூடி இல்லாத நாயகன் என்றால் முதுகு தெரியும் ஷாட்டிலோ தூரத்து ஷாட்டிலோ ஒட்டுவார்கள்.

இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. நல்ல ஜோக்குகள் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. கோளாறு எங்கே என்றால், காட்சியில் உடனிருக்கும் மற்றவர்கள் அந்த ஜோக்கைக் கேட்டதே இல்லை. அவர்கள் நடித்தது பல மாதங்களுக்கு முன்னால், வேறு வசனத்துக்கு அல்லது வெறும் மௌனத்துக்கு.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் காட்சியை மனத்தில் மறுபடி ஓட்டுங்கள். குரு தரையில் கிடக்கிறார். பக்கத்தில் அவர் மகள், முகம் கிளோசப்பில். நாயகனின் தோளும் முகமூடியின் பின்பக்கமும் ஃப்ரேமின் ஓரத்தில். ஜோக் கேட்கிறது. அந்தப் பெண்ணின் கண் இமை அசைந்ததா? இல்லை. செத்துக்கொண்டிருக்கும் அப்பாவின் தலைக்கு மேலே ஒருவன் ஜோக் அடிக்கிறான், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோபமும் இல்லை, அழுகையின் நடுவே பீறிட்டு வரும் சிரிப்பும் இல்லை. படப்பிடிப்பில் அந்த வரி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். குரலையும் கவனியுங்கள். இரண்டு நொடிக்கு முன்பு சுவரை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு மூச்சு வாங்கவில்லை. காதோரம் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நெருக்கமாக, எதிரொலியே இல்லாமல் ஒலிக்கிறது. அந்த இடிந்த மண்டபத்தில் மற்ற எல்லோர் குரலும் எதிரொலிக்க, இவன் குரல் மட்டும் பஞ்சடைத்த அறையிலிருந்து வருகிறது.

உங்களுக்கு எரிச்சல் வந்தது இதனால்தான் என்பது என் கட்சி. சாவுக் காட்சியில் சிரிப்பு கூடாது என்று யார் சொன்னது? சாவு வீட்டில்தான் அடக்க முடியாத சிரிப்பு வரும். அந்தப் பெண் ஜோக்கைக் கேட்டு அவனை ஓங்கி ஒன்று அறைந்திருந்தால் படத்தின் ஆகச் சிறந்த காட்சி அதுவாக இருந்திருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே அழுதிருப்பீர்கள். கேட்கப்படாத ஜோக் காட்சியில் உள்ள எல்லோரையும் அட்டை பொம்மை ஆக்கிவிடுகிறது. அட்டை பொம்மை செத்தால் நமக்கென்ன? ‘படத்தில் ஒரு கனமே இல்லை’ என்று ரசிகன் புலம்புவது இதைத்தான். காரணத்தை மட்டும் ‘ஜோக் ஜாஸ்தி’ என்று தப்பாகச் சொல்கிறான்.

ஜோக் ஜாஸ்தி என்பது குற்றமே அல்ல என்பதற்கு 1966-ல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் போதும். 120 பகுதிகள், முழுக்க முழுக்கக் கேலி. ஆனால் அதில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் ஒரு இடத்தில்கூட ‘நான் ஜோக் அடிக்கிறேன்’ என்று முகத்தில் காட்ட மாட்டார். எவ்வளவு அபத்தமானாலும் அந்த உலகத்தில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் தலைபோகிற காரியமாக எடுத்துக்கொள்வார்கள். சிரிப்பு நம்முடைய வேலை. டெட்பூல் நேர் எதிர்ப்பக்கம். அவன் பார்வையாளனோடு பேசுகிறவன். அடுத்தவன் காதில் விழாமல் பேசுவது அவன் குணமாகவே எழுதப்பட்டிருக்கிறது, அதனால் டப்பிங்கில் எத்தனை வரி சேர்த்தாலும் தாங்கும். அப்போதும் அவர்கள் சும்மா விடவில்லை. முகமூடியின் கண்களும் புருவமும் வசனத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும்படி ஷாட் ஷாட்டாகக் கிராஃபிக்ஸில் செய்தார்கள். வரியை ஒட்டியவர்கள் முகத்தையும் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். உங்கள் அரங்கம் சிரித்ததே, அதற்கு அடுத்த வசனம் உங்கள் காதில் விழுந்ததா? குரு கடைசியாகச் சொல்வது அதுதான். சிரிப்பில் அமுங்கிப்போனது. அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1935-ல் வந்த ‘எ நைட் அட் தி ஆப்பெரா’வைப் படமாக்குவதற்கு முன், அதன் நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எந்த வரிக்குச் சனம் எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப இடைவெளி விட்டார்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி வர வேண்டும். முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும், உச்சியிலேயே வந்தால் வீண்.

இன்றைய சூப்பர்ஹீரோ படத்தில் இது ஏன் இவ்வளவு கஷ்டம் தெரியுமா? கிராஃபிக்ஸ் செய்ய வேண்டிய ஷாட்டை எடிட்டர் அந்த வேலை செய்பவர்களுக்கு அனுப்பும்போது, படத்தில் வரப்போகும் நீளத்தோடு முன்னும் பின்னும் பொதுவாக 8 அல்லது 12 ஃப்ரேம் கூடுதலாகக் கொடுப்பார். ‘ஹேண்டில்’ என்பார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேலையும் காசும் உண்டு, அதனால் அதற்கு மேல் செய்வதில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம். ஆக, ஒரு முனையில் கையிலிருக்கும் உபரி மூன்றில் ஒரு பங்கு நொடி, மிஞ்சினால் அரை நொடி. நல்ல சிரிப்பு அடங்க இரண்டு நொடியாவது வேண்டும், அதாவது 48 ஃப்ரேம். ஷாட்டை நீட்டினால் அத்தனை ஃப்ரேமுக்கும் நாயகனின் உடையிலிருந்து பின்னணித் தூசி வரை எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். மலிவான வழி, கிராஃபிக்ஸ் தேவைப்படாத ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டை நடுவில் செருகுவது. அதற்கு அந்தப் பெண் அந்த ஜோக்குக்கு முகம் கொடுத்த ஷாட் ஒன்று கையில் இருக்க வேண்டும். எடுத்திருந்தால்தானே இருக்கும்!

இப்போது அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு தரப்புக்கும் ஒரு வார்த்தை. ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் நாயகனின் மானத்தைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். அவன் சித்திரக்கதைப் பாத்திரம். அவனுக்கு மானம் எழுதுகிறவர் கையில். ‘சிரிக்கத் தெரியாதவர்கள்’ என்று ஏசுகிறவர்களோ இன்னும் மோசம். சிரித்துவிட்டதாலேயே ஜோக் நல்ல ஜோக் என்கிறார்கள். கிச்சுக்கிச்சு மூட்டினாலும்தான் சிரிப்பு வரும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று ‘யார் சரி’ என்று நீங்கள் கேட்காதீர்கள் தம்பி. உங்கள் எரிச்சல் துல்லியமானது, அதைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனால் ஜோக் விழும் ஒவ்வொரு இடத்திலும் பேசுகிறவனைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவர் கண்ணைப் பாருங்கள். அவருக்குக் கேட்டிருக்கிறதா என்று மட்டும். பாதிக்கு மேல் கேட்டிருந்தால் ரசிகர்கள் படத்துக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சண்டைக் காட்சிகளில் இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே யாருக்கும் எதுவும் கேட்காதுதான்.

த்ரீடி வேண்டாம். இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு த்ரீடிக்கு மாற்றப்படுபவை. கண்ணாடி போட்டதும் திரையின் வெளிச்சம் கணிசமாகக் குறைந்துவிடும். அந்த மண்டபக் காட்சி ஏற்கனவே இருட்டு. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அது தெரிய வேண்டும் அல்லவா? சாதாரணத் திரையில், நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.