தனிமை என்ற சொல்: கேள்வி பதில்

கேள்வி: 'தனியாக', 'தனிமையில்' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. 'தனியாகச் சமைத்தேன்' என்றால் கூட யாரும் இல்லை, அவ்வளவுதான். 'தனிமையில் சமைத்தேன்' என்றால் மனசு சரியில்லையோ என்று கேட்கத் தோன்றும். 'அவரிடம் தனியாகப் பேசணும்' என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். 'தோலைத் தனியாக எடுத்து வை' என்பதில் பிரித்து வைப்பது மட்டும்தான். 'தனிமையில்' இந்த வேலைகளையெல்லாம் செய்யாது.

கேள்வி: அப்படியானால் தனிமை என்றாலே சோகமா?

பதில்: இன்றைய பேச்சில் அந்தச் சாயல் ஏறியிருக்கிறது. அதை வைத்துப் பழைய பாட்டைப் படிக்காதீர்கள். குறள் 814, 'அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார் தமரின் தனிமை தலை' என்கிறது. போர்க்களத்தில் வீரனைத் தள்ளிவிட்டு ஓடும் பழகாத குதிரை போன்றவர்களின் உறவைவிடத் தனிமையே மேல்.

கேள்வி: அதே வள்ளுவர், 'தாமே தமியர் உணல்' பிச்சை எடுப்பதைவிடக் கொடியது என்கிறாரே (229). முரண் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. 229 ஈகை அதிகாரத்தில் வருகிறது. சேர்த்து வைத்ததை யாருக்கும் கொடுக்காமல் தானே தின்பதைத்தான் அங்கே கண்டிக்கிறார். தனியாக இருப்பது குற்றமில்லை, கொடுக்காததுதான் குற்றம். 814 தீ நட்பில் இருக்கிறது. தமர், தமியர் இரண்டிலும் 'தம்' இருப்பதைப் பாருங்கள். தம்மைச் சேர்ந்தவர் தமர். தாம் மட்டுமே இருப்பவர் தமியர்.

கேள்வி: நான் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் தனிமைக்குத் துயரம் ஆதியிலிருந்தே உண்டு. 'புலம்பு'?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. இன்று புலம்புவது என்றால் வாய்விட்டு வருந்துவது. துணையின்றித் தவிப்பவர் வாய்விட்டுப் பேசுவதால் பொருள் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக, துயரத்தைச் சுமக்கப் 'புலம்பு' இருந்தது. 'தனிமை' அதையும் சுமக்கும், 814 போல விடுதலையையும் சுமக்கும். இங்கே நாம் பாதி தூரம் ஒத்துப்போகிறோம்.

கேள்வி: ஏகாந்தம்?

பதில்: வடசொல். விரும்பி ஏற்ற தனிமை. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலில் 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்று வருகிறது.

கேள்வி: ஒண்டிக்கட்டை, ஒண்டிக்குடித்தனம் இரண்டிலும் தனிமைதானே?

பதில்: முதலாவதில் ஆம், குடும்பம் இல்லாதவர். யாரையும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லாதீர்கள், வலிக்கும். இரண்டாவதில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் இருக்கும்.

கேள்வி: வெண்பாவில் தனிச்சொல் என்பது?

பதில்: யாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தனியாக, தனிமை, என்ன வித்தியாசம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மறுபடியும் இதே கேள்வி வருகிறது.

கேள்வி: வேலைக்காக வெளியூர் வந்திருக்கிறேன். 'தனிமையில் இருக்கிறேன்' என்று அம்மாவுக்கு எழுதலாமா?

பதில்: வேண்டாம், பதறிவிடுவார். 'தனியாகத்தான் இருக்கேன்' என்று எழுதுங்கள். அப்புறம், சாப்பிட்டதையும் சேர்த்து எழுதுங்கள்.