இருபது சதவீதம் மட்டும் மறக்கவே மறக்காதா?

கேள்வி: படித்ததில் எத்தனை சதவீதம் நினைவில் நிற்கும் என்பதற்கு என் மகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு விகிதமுறு சார்பு இருக்கிறது: (20 × நாள் + 100) ÷ (நாள் + 1). எத்தனை நாள் போனாலும் 20-க்குக் கீழே இறங்காது என்கிறாள். நான் பள்ளியில் படித்ததில் 2 சதவீதம்கூட ஞாபகமில்லையே!
– ஒரு வாசகி

பதில்: மகள் சொல்வது சரி. வகுத்துப் பார்த்தால் அது 20 + 80 ÷ (நாள் + 1). படித்து முடித்ததும் 100, மறுநாள் 60, மூன்றாம் நாள் 40, ஏழாம் நாள் 30. பின்புறம் உள்ள 80 தேய்ந்துகொண்டே போகும், 20 அசையாது. வளைகோடு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமலே நிற்கும் அந்தக் கோடுதான் தொலைத்தொடுகோடு. ஆனால் அந்த 20 கணக்கு எழுதியவர் வைத்தது. அங்கே 2 என்று போட்டிருந்தால் உங்கள் கட்சி ஜெயித்திருக்கும்!

சரி, நிஜத்தில்? ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். 20 நிமிடத்தில் 58.2, ஒரு நாளில் 33.7, இரண்டு நாளில் 27.8, 31 நாளில் 21.1 சதவீதம். உங்கள் கடிதம் வந்த அன்று வரைபடத்தாளை எடுத்துப் புள்ளி வைத்தேன். கீழே வகுக்கும் பகுதியை 5 × நாள் + 1 என்று மாற்றி, 20 + 80 ÷ (5 × நாள் + 1) என்று எழுதினால் ஒரு நாளுக்கு 33.3, இரண்டு நாளுக்கு 27.3 வருகிறது. பிரமாதம்! ஆனால் 20 நிமிடத்துக்கு 95 காட்டுகிறது. முதல் சில மணி நேரச் சரிவை இந்த வளைகோடு பிடிக்கவே இல்லை. எபிங்ஹாஸ் எழுதிய சூத்திரத்தில் மடக்கை (லாகரிதம்) வரும். அதற்கு 20 என்ற தரையும் கிடையாது, மிக மெதுவாகப் பூஜ்யத்தை நோக்கிப் போகும்.

இன்னொன்று. அவர் அளந்தது எத்தனை அசை ஞாபகம் இருக்கிறது என்பதை அல்ல. மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. முதலில் 1000 விநாடி பிடித்தது மறுநாள் 663 விநாடியில் முடிந்தால் மிச்சம் 33.7 சதவீதம். மடக்கை அட்டவணையில் எனக்கு 2-க்கான 0.3010, 3-க்கான 0.4771 தவிர எல்லாம் போயே போச்சு. பேரனுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தேன், ஒரே மாலையில் பாதி திரும்பி வந்துவிட்டது. உங்கள் 2 சதவீதத்தையும் இப்படி அளந்துதான் பார்க்க வேண்டும்.

பரீட்சையில் மட்டும் மகள் ‘20-ஐ நெருங்கும்’ என்றே எழுதட்டும். மதிப்பெண் அதற்குத்தான்.