உதவித்தொகைக்கு இரண்டாம் முறை விண்ணப்பிப்பது: கொவிட் ஆண்டில் நான் கற்றது

கேள்வி: சிங்கப்பூரில் அரசாங்கம் தரும் தற்காலிக நிதியுதவி முடிந்தபின் மறுபடியும் விண்ணப்பித்த அனுபவம் யாருக்காவது உண்டா? முதல் விண்ணப்பத்தில் கொடுத்த ஆவணங்களையே திரும்பக் கொடுத்தால் போதுமா?

போதாது. நான் அப்படித்தான் கொடுத்தேன். அதனால் ஏறக்குறைய மூன்று வாரம் வீணாயிற்று.

வெளிநாட்டுச் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2020இல் எல்லைகள் மூடப்பட்டு, விற்பதற்குப் பயணமே இல்லை என்ற நிலை வந்தபோது, கிருமிமுறியடிப்புத் திட்டம் என்ற ஊரடங்கு நடப்பிலிருந்த மே மாதத்தில், எங்கள் பிரிவில் இருந்த பெரும்பாலோரோடு நானும் ஆட்குறைப்பு செய்யப்பட்டேன். அந்த மாதம் 4ஆம் தேதிதான் கொவிட்-19 ஆதரவு மானியத்துக்கான விண்ணப்பங்கள் தொடங்கியிருந்தன. வேலை இழந்தவருக்கு மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மூன்று மாதங்களுக்கு. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 10,000 வெள்ளிக்குள், அல்லது தலைக்கு 3,100 வெள்ளிக்குள் இருக்க வேண்டும்; குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையின் மதிப்பீடு, 21,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனை அப்போது தடையாக இருக்கவில்லை.

முதல் விண்ணப்பம் உண்மையில் எளிதாகவே இருந்தது. அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் உள்ளே நுழைந்து, ஆட்குறைப்புக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் மத்திய சேம நிதிக் கணக்கின் சந்தா விவரத்தையும் இணைத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடினமாக இருந்தது அதற்கு முந்திய ஒரு வாரம்தான். ஐம்பத்தொரு வயதில், இதுவரை யாரிடமும் எதையும் கேட்டிராதவன் அரசாங்கத்திடம் போய் நிற்பதா என்ற தயக்கத்தில், என் மனைவி இரண்டு முறை நினைவுபடுத்தும் வரை அந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருந்தேன்.

மூன்று மாதத் தொகை முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி முதல், ஏற்கெனவே மானியம் பெற்றவர்களும் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும், கணினியில் சேமித்து வைத்திருந்த அதே கோப்புகளை அதே வரிசையில் ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சில நாள் கழித்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். நான் வேலை இழந்த கதையை மறுபடி சொல்லத் தொடங்கியபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது எங்களிடம் இருக்கிறது சார். அதற்குப் பிறகு எங்கெங்கே வேலைக்கு முயற்சி செய்தீர்கள், ஏதாவது பயிற்சிக்குப் போனீர்களா, அதற்கான சான்று மட்டும் வேண்டும்” என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் வேலை என்பது தெரிந்தவர் மூலம் வருவது. நானும் பழைய கூட்டாளிகளையும் பேருந்து நிறுவன உரிமையாளர்களையும் தொலைபேசியில் அழைத்து, சிலரை நேரில் கண்டு காப்பிக் கடையில் பேசி, அப்படித்தான் நான்கு மாதத்தை ஓட்டியிருந்தேன். இதில் எதற்குமே தாளில் சாட்சி கிடையாது. அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் நான் விண்ணப்பித்திருந்தவை மொத்தம் மூன்றே மூன்று. அடுத்த இரண்டு வாரத்தில், வேலை நியமன ஆலோசகர் ஒருவரைச் சந்தித்துப் பேசி, ஒரு குறுகியகாலப் பயிற்சியில் பெயர் பதிந்து, விண்ணப்பங்களை அனுப்பி, நிறுவனத்தின் பெயர், பதவி, அனுப்பிய தேதி, வந்த பதில் என்று ஒரு பட்டியல் தயாரித்து, பழைய வாட்ஸ்அப் உரையாடல்களில் வேலை பற்றிக் கேட்டிருந்தவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்துச் சேர்த்தேன். நவம்பரில் ஒப்புதல் வந்தது.

ஆகவே நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கப்போவதாக இருந்தால், முதல் மாதத் தொகை கணக்கில் விழுந்த அன்றே அந்தப் பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். வாய்மொழியாக ஒருவரிடம் வேலை கேட்டால், பேசி முடித்ததும் “இன்று பேசியபடி என் விவரங்களை அனுப்புகிறேன்” என்று ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள், அதுவே சான்றாகிவிடும். இடையில் கிடைத்த பகுதிநேர வருமானம் சிறியதாக இருந்தாலும் மறைக்காதீர்கள், ஏனென்றால் சேம நிதிச் சந்தாவில் அது தெரியாமல் போகாது. எத்தனை விண்ணப்பம் அனுப்பினார் என்பதை வைத்து ஒருவருடைய முயற்சியை அளக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவருக்கு நூறு விண்ணப்பங்களைவிட ஒரு பழைய நட்பே வேலை வாங்கித் தருகிறது. ஆனாலும் என் தொலைபேசி அழைப்புகளை அதிகாரி எப்படிப் பார்க்க முடியும்?

இன்னொன்று: நிபந்தனைகள் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆதரவு மானியத்துக்குப் பின், 2021 ஜனவரி 18 முதல் மீட்பு மானியம் என்று வேறொன்று வந்தது. அதில் வேலை இழந்தவருக்கான தொகை மாதம் 700 வெள்ளி வரை எனக் குறைந்தது. வருமான வரம்பும் குடும்பத்துக்கு 7,800, அல்லது தலைக்கு 2,600 வெள்ளி என இறுகியது. சுற்றுலாப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த என் நண்பர், தம் தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் ஆறு பேராக இருந்தவர், வீட்டின் மொத்த வருமானம் 8,400 வெள்ளி வருகிறதே என்று படிவத்தைப் பாதியில் மூடிவிட்டார். “அல்லது” என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. ஆறால் வகுத்தால் தலைக்கு 1,400 வெள்ளிதான். நான் சொல்லித்தான் மறுபடி திறந்து அனுப்பினார், கிடைத்தது.

நான் அந்த மீட்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஒரு தடுப்பூசி நிலையத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்த வேலை கிடைத்துவிட்டது. பட்டியலில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் ஒன்றின் வழியாக அது வரவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர் சொல்லி வந்தது.

நீங்கள் கேட்பது இன்றைய நிலைக்காக என்றால், அந்த இரண்டு மானியங்களும் இப்போது இல்லை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம்தான் இவற்றுக்கு நெருக்கமானது: தம் விருப்பமின்றி வேலை இழந்து, முன்பு சராசரியாக மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் ஈட்டாதவருக்கு, ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. அதில் மாதாமாதம் வேலை தேடும் நடவடிக்கைகளுக்குப் புள்ளிகள் சேர்த்தால்தான் அந்த மாதத் தொகை வரும். எனக்கு இரண்டாம் முறையில் கேட்கப்பட்டது, அங்கே முதல் மாதத்திலிருந்தே கேட்கப்படுகிறது.