14 வழக்கு வேட்பாளருக்கு ஓட்டுப் போடலாமா?

கேள்வி: எங்கள் வேட்பாளர் மீது 14 கிரிமினல் வழக்கு, அதில் ஒன்று கொலை மிரட்டல் என்கிறது ஒரு சேனல். இன்னொன்று அவரை ஏழைப் பங்காளர் என்கிறது. விவாதத்துக்கு வரும் வல்லுநர்களில் யாரை நம்புவது?

பதில் (தேர்தல் வழக்கறிஞர்): வல்லுநர்கள் இருக்கட்டும். வேட்பாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் இருக்கிறது. வேட்புமனுவோடு தரும் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பெயரைப் போட்டால் வரும். ஸ்கேன் கோணலாக இருக்கும், நோட்டரி முத்திரை பாதி எழுத்தை மறைத்திருக்கும்.

வழக்குகளை எண்ணாதீர்கள், பிரிவுகளைப் படியுங்கள். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்கு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் (இ.த.ச.) பிரிவுகள் இருக்கும். 143, 188, 341 (சட்டவிரோதக் கூட்டம், உத்தரவை மீறுதல், வழிமறித்தல்) என்று வரிசையாக இருந்தால் குடிநீர் கேட்டு மறியல் செய்த கதையாக இருக்கலாம். 307 என்றால் கொலை முயற்சி, 420 மோசடி. 'குற்றச்சாட்டு வனையப்பட்டதா' என்ற கட்டத்தையும் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். என்பது வெறும் புகார்தான். வனையப்பட்டது என்றால் நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் உண்டு என்று முடிவுசெய்திருக்கிறார்.

அந்தக் கொலை மிரட்டல், பழைய வழக்கு என்றால், பெரும்பாலும் இ.த.ச. 506(2) ஆக இருக்கும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு, கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் இருந்தவரை நம் ஊர் ஸ்டேஷன்களில் வேலித் தகராறுக்கே 294(பி) (ஆபாசத் திட்டு), 323 (அடிதடி), 506(2) மூன்றையும் சேர்த்தே எழுதுவார்கள். கூட 307 போன்ற கனமான பிரிவு இருந்தால் யோசியுங்கள். அந்த மூன்று மட்டும் என்றால், சம்பவம் என்ன என்று அந்தத் தெருவில் விசாரியுங்கள்.

அப்புறம், 'சர்வே' வியாபாரிகள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் கருத்துக்கணிப்பு போடக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் தொகுதிவாரிப் பட்டியல் வரும். எத்தனை பேரிடம் கேட்டார்கள், காசு கொடுத்தது யார் என்று ஒரு வரி இருக்காது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அதை எந்தப் பட்டியல் முன்கூட்டிச் சொல்லிவிடும்?

பிரமாணப் பத்திரத்தில் பொய் இருந்தால்? தேர்தல் நடத்தும் அலுவலர் உண்மையா என்று தோண்டிப் பார்க்க மாட்டார். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் கோர்ட்டுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். கோர்ட் வேகமோ, அதே ராதாபுரத்தைப் பாருங்கள்: தோற்றவர் போட்ட வழக்கில் மறு எண்ணிக்கை நடந்ததே 2019இல். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.