காட்டு மிருகங்களை நீர்வண்ணத்தில் வரைவது: கேள்வி பதில்

அக்கா, நான் வரைந்த புள்ளிமான் காட்டில் நிற்பது போலவே இல்லை. வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

மானைச் சுற்றி ஒரே அழுத்தத்தில் கோடு போட்டிருப்பீர்கள், அதுதான் காரணம். காட்டுக்குள் வெயில் இலைகளைத் தாண்டித் துண்டு துண்டாகத்தான் விழும். வெயில் படுகிற முதுகில் மட்டும் விளிம்பு தெளிவாக இருக்கட்டும். நிழலில் இருக்கும் வயிற்றையும் காலையும், காகிதம் ஈரமாக இருக்கும்போதே பின்னால் உள்ள புதரின் நிறத்தோடு கரைய விடுங்கள். உயரமான புல்லில் நிற்கிற மானுக்குக் குளம்பு தெரியாது. வரையாமல் விட மனசு வராது, ஆனாலும் விடுங்கள். அப்புறம், புள்ளிகள் எல்லாமே ஒரே வெள்ளை இல்லை. நிழலில் உள்ளவற்றின் மேல் நீலம் கலந்த சாம்பலை மெல்லிசாக ஒரு தடவை பூசினால் போதும், மான் காட்டுக்குள் போய்விடும்.

கண்ணில் உயிர் வர என்ன செய்வது?

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502-இல் வரைந்த முயல் வியன்னாவின் அல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கண்ணை உற்றுப் பாருங்கள், ஒரு ஜன்னல் சட்டம் தெரியும். அது அறை வெளிச்சம். உங்கள் மான் நிற்பது காட்டில், அதன் கண்ணில் விழுவது மேலே இருக்கும் வானம். அதனால் ஒளிப்புள்ளியை விழியின் மேல்பக்கம், லேசான நீலத்தில் வையுங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தால் பொம்மைக் கண் ஆகிவிடும்.

காட்டெருமைக்கு எந்தக் கறுப்பு நல்லது?

கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பையும் கலந்து பாருங்கள், வெயில் பக்கம் பழுப்பும் நிழல் பக்கம் நீலமும் தூக்கலாக. முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளையில் மண் நிறம் கொஞ்சம் ஏறட்டும்.

காகிதம்?

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை), பருத்திக் காகிதம்.

மரமெல்லாம் நன்றாக வருகிறது, மிருகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா அக்கா?

விடாதீர்கள் தம்பி. காடு வரைவதில் பெரிய கை ரஷ்ய ஓவியர் ஷிஷ்கின். 1889-இல் அவர் பைன் காட்டின் காலைப் பொழுதை வரைந்தபோது, அதில் உள்ள கரடிகளை வரைந்தது நண்பர் சவீட்ஸ்கி. படத்தை வாங்கிய திரெத்யாகோவ் பிறகு சவீட்ஸ்கியின் கையெழுத்தை எடுத்துவிட்டார். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். நீங்கள் வண்டலூருக்கு ஒரு நோட்டோடு போங்கள். ஒரு நிலைக்கு இரண்டு நிமிஷம், பென்சில் மட்டும். முதலில் மானின் பின்னங்காலைப் பாருங்கள். பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது.