மகனின் ஆங்கில வகுப்பும் அம்மாவின் அணியிலக்கணமும்

கேள்வி: லண்டனில் இயர் 10 (14-15 வயது) படிக்கும் என் மகனுக்கு ஆங்கில வகுப்பில் சிமிலி, மெட்டஃபர், அனாஃபரா என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் மனப்பாடமாகச் சொல்கிறான். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்டால் விழிக்கிறான், மதிப்பெண்ணும் குறைவு. நான் யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவள். அவனுக்கு எப்படி உதவுவது?

பதில்: நீங்கள் தமிழில் படித்ததுதான் இங்கே கைகொடுக்கப் போகிறது. 'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், உவமை. 'முகமதி' என்று திருப்பிப் போட்டால் முகமே மதி, உருவகம். சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். 'லைக்' என்ற சொல்லைக் கண்டாலே சிமிலி என்று எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் உவமை ஏது? எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். ஹைபர்போலி நம் உயர்வு நவிற்சிதான், மிகைப்படுத்திச் சொல்வது.

ஓசை விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அலிட்டரேஷனை மோனை என்று சொல்லித் தரலாம். ஆனால் நம் மோனையில் ம-வுக்கு வ-வும் சேரும், ஆங்கிலத்தில் சொற்களின் தொடக்கத்தில் ஒரே ஒலிதான் திரும்ப வர வேண்டும். அதுவும் எழுத்து அல்ல, ஒலி. 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. ரைம் என்பதை எதுகை என்று சொல்லிவிடாதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. அடிகளின் கடைசியில் ஒலி ஒன்றும் இயைபுதான் ரைமுக்கு நெருக்கம்.

சரி, மதிப்பெண் ஏன் குறைகிறது? பெயரைச் சொன்னதோடு நிறுத்திவிடுவதால். ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயது வாக்கில் எழுதும் பொதுத் தேர்வு) ஆங்கில மொழி இரண்டாம் தாளில், எழுத்தாளர் மொழியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்ற மூன்றாம் கேள்விக்கு 12 மதிப்பெண். அனாஃபரா என்பது அடுத்தடுத்த வாக்கியங்கள் ஒரே சொற்களில் தொடங்குவது. 'அனாஃபரா வந்திருக்கிறது, வாசகரின் கவனத்தை ஈர்க்கிறது' என்று எழுதினால் அதில் சொற்பமே கிடைக்கும். எந்தப் பத்திக்கும் பொருந்தும் வாக்கியம் அது.

ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து படைகள் மீட்கப்பட்ட கையோடு, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசினார். 'போரிடுவோம்' (வீ ஷல் ஃபைட்) என்றே திரும்பத் திரும்பத் தொடங்குகிறார். ஆனால் எங்கே போரிடுவோம் என்கிறார், பாருங்கள்: கடற்கரையில், தரையிறங்கும் இடங்களில், வயல்களில், தெருக்களில், குன்றுகளில். இடங்கள் கரையிலிருந்து நாட்டுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. எதிரி உள்ளே வந்துவிடலாம் என்ற பயத்தை அவர் மறைக்கவில்லை; வந்தாலும் போர் ஓயாது என்கிறார். இடம் மாறுகிறது, வினை மாறவில்லை. உங்கள் மகன் இதைக் கண்டு எழுதினால், அனாஃபரா என்ற பெயரையே மறந்தாலும் நல்ல மதிப்பெண் வாங்குவான்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். தினமும் ஒரே ஒரு வரி. அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, சாதாரணச் சொல்லைப் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எது குறைந்துபோனது என்று கேளுங்கள். அவன் தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அவன் சொல்வதுதான் விடை. ஆங்கிலத்தில் எழுதுவது அப்புறம்.

அடுத்தது, இணங்க வைக்கும் எழுத்து. இணங்க வைக்க அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளும் உங்கள் வீட்டிலேயே நடக்கின்றன. சனிக்கிழமை நண்பர்களோடு போக அனுமதி கேட்கிறான் என்று வையுங்கள். 'போன தடவை சொன்ன நேரத்துக்கு வந்தேன்தானே?' என்றால் ஈதாஸ், தன் மேல் நம்பிக்கையை ஏற்படுத்துவது. 'எட்டரைக்கு பஸ், ஒன்பதுக்கு வீட்டில் இருப்பேன்' என்பது லோகாஸ், காரணம் காட்டுவது. 'எல்லாரும் போகும்போது நான் மட்டும் வீட்டிலா?' என்பது பேதாஸ், மனத்தைத் தொடுவது. உங்களிடம் எது பலிக்கும், அப்பாவிடம் எது பலிக்கும் என்று அவனையே கேளுங்கள். கேட்பவர் யாரோ அவருக்கு ஏற்றதைத் தேர்வதுதான் இதில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம்.

அதே இரண்டாம் தாளில், தன் கருத்தை வாதிட்டு எழுதச் சொல்லும் ஐந்தாம் கேள்விக்கு 40 மதிப்பெண். பள்ளிகளில் சொல்லித்தரும், இணங்க வைக்கும் உத்திகளின் முதலெழுத்துகளைக் கோத்த 'அஃபாரெஸ்ட்' (AFOREST) பட்டியலில் உள்ள அத்தனை உத்திகளையும் அதில் திணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று கேள்விகளை அடுக்கி, கூடவே ஒரு கற்பனைப் புள்ளிவிவரத்தையும் சேர்த்தால் கட்டுரை விளம்பரம்போல் ஆகிவிடும். எழுத உட்காரும் முன், யாருக்கு எழுதுகிறான், அவர் எதற்குத் தயங்குவார் என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்லும் உத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.